கே-மார்ட், ஆஸ்திரேலியா: பிரிட்டனிலிருந்து குடிவருவோர் எதை இங்கே வாங்கலாம், எதை அங்கிருந்தே கொண்டுவரலாம்

லண்டனிலோ லீட்ஸிலோ பிரைமார்க்கில் துணி எடுத்துப் பழகியவர்கள் ஆஸ்திரேலியாவில் அந்தக் கடையைத் தேடிப் பயனில்லை. பிரைமார்க்குக்கு இங்கே கிளை கிடையாது. மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சருக்கும் கடை இல்லை, இணையத்தில் மட்டும் வாங்கலாம். பாலும் ரொட்டியும் வாங்கப் போன இடத்தில் பிள்ளைக்கு ரெண்டு டி-ஷர்ட்டையும் வண்டியில் போட்டுக்கொண்டு வரும் டெஸ்கோ, அஸ்டா பழக்கமும் இங்கே நடக்காது. இங்குள்ள சூப்பர்மார்க்கெட்டுகளான கோல்ஸிலும் வூல்வொர்த்ஸிலும் காலுறை, உள்ளாடையைத் தாண்டித் துணி அநேகமாக இருக்காது. அந்த பிரிட்டன் கடைகள் எல்லாவற்றின் வேலையையும் ஒண்டியாகப் பார்ப்பது கே-மார்ட். முக்கால்வாசி வேலையை நன்றாகவே பார்க்கிறது. மீதிக் கால்வாசியில்தான் புதிதாக வந்தவர்களின் பணம் கரைகிறது.

1969-இல் மெல்பர்னின் பர்வுட் ஈஸ்ட்டில் முதல் கடை திறந்தது. இப்போது வெஸ்ஃபார்மர்ஸ் குழுமத்துக்குச் சொந்தம். துணி, பாத்திரம், படுக்கை என்று எதை எடுத்தாலும் பெரும்பாலும் ‘அன்கோ’ என்ற சொந்தப் பெயரில்தான் இருக்கும். பல கிளைகளில் பணம் கட்டும் இடம் வாசலில் இல்லாமல் கடையின் நடுவே இருக்கும். முதல் தடவை போகிறவர் கூடையோடு வாசல் வரை வந்துவிட்டுத் திரும்புவது சகஜம். நல்ல விஷயம், நேரம். இங்கே ஷாப்பிங் சென்டர்களில் பாதிக் கடைகள் சாயங்காலம் ஐந்தரைக்கே இழுத்து மூடிவிடும், வாரத்தில் ஒருநாள்தான் இரவுக் கடை. கே-மார்ட்டின் பல கிளைகள் நள்ளிரவு வரை இருக்கும், சில 24 மணி நேரமும்.

விலை. ஒரு பவுண்டுக்கு ஏறக்குறைய இரண்டு டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாதாரணப் பருத்தி டி-ஷர்ட் 5 முதல் 10 டாலருக்குள் கிடைக்கும். பிரைமார்க்கோடு ஒப்பிட்டால் ஒன்றும் குறைச்சல் இல்லை. ஆனால் குழந்தைத் துணியில் கணக்கு மாறும். பிரிட்டனில் 14 வயதுக்கு உட்பட்டவர்களின் உடைக்கும் காலணிக்கும் வாட் வரி பூஜ்யம். இங்கே 10 சதவீத ஜிஎஸ்டி பச்சைக் குழந்தையின் பனியனுக்கும் உண்டு, பள்ளிச் சீருடைக்கும் உண்டு. பெரியவர் துணியில் மட்டும் அங்கே 20, இங்கே 10. அலமாரியில் ஒட்டியிருக்கும் விலையில் வரி சேர்ந்தே இருப்பதால் பில் போடும்போது அதிர்ச்சி இராது.

அளவுதான் பெரிய தலைவலி. பெண்களின் உடையில் பிரிட்டன் 12 என்றால் இங்கேயும் பெரும்பாலும் 12தான். அதை நம்பி செருப்புப் பகுதிக்குப் போனால் கோட்டை விடுவீர்கள். பெண்களின் காலணிக்கு இங்கே அமெரிக்க அளவு: பிரிட்டன் 5 போடுபவர் 7 எடுக்க வேண்டும். ஆண்களுக்கு அந்தத் தொல்லை இல்லை, பிரிட்டன் 9 இங்கேயும் 9. குழந்தைக் காலணியும் பொதுவாகப் பிரிட்டன் அளவுதான். ஆகவே ஒரே குடும்பத்தில் அம்மா மட்டும் இரண்டு எண் கூட்டிச் சொல்ல வேண்டும். அடிப்பாகத்திலோ பெட்டியிலோ ஐரோப்பிய எண்ணும் சேர்ந்திருந்தால் அதைப் பார்த்து எடுப்பதே உத்தமம். 38 எங்கேயும் 38தான்.

பிராவில் மார்புக்குக் கீழே அளக்கும் சுற்று எண் உடை எண்ணைப் போலவே ஓடும். 32 என்பது 10, 34 என்பது 12, 36 என்பது 14. கப் எழுத்து மாறாது. 34டிடி இங்கே 12டிடி. டி-க்கு மேல் தேவைப்படுபவர்களுக்கு மலிவுக் கடைகளில் தேர்வு குறைவு. பழகிய பிராண்டில் நான்கைந்து அங்கிருந்தே வாங்கி வந்துவிடுவது நல்லது. கைக்குழந்தை உடையில் மாதக் கணக்குக்குப் பதில் சுழியங்கள்: 000 என்றால் பிறந்ததிலிருந்து 3 மாதம், 00 என்றால் 3 முதல் 6, 0 என்றால் 6 முதல் 12, அதன்பின் 1 என்பது 12 முதல் 18 மாதம். பரிசு வாங்கப் போகிறவர்கள் இதில்தான் வழுக்குவார்கள். ஆண்களின் அலுவலக பேன்ட் பல கடைகளில் சென்டிமீட்டரில் வரும். 32 அங்குலம் 82 ஆகவும், 34 அங்குலம் 87 ஆகவும் இருக்கும். ஜீன்ஸ் மட்டும் பெரும்பாலும் அங்குலத்திலேயே.

கே-மார்ட்டில் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்று சொல்லக்கூடியது வெயில் துணி. குழந்தைகளின் முழுக்கை நீச்சல் சட்டை, கழுத்தை மறைக்கும் தொப்பி, கடற்கரைச் செருப்பு எல்லாம் பிரிட்டனில் கோடைக்கு ஆறு வாரம் மட்டும் தலைகாட்டும் சரக்கு. இங்கே அது அரிசி பருப்பு மாதிரி. வாங்கும்போது பார்க்க வேண்டியது யுபிஎஃப் எண். 50 என்றால் புற ஊதாக் கதிரில் ஐம்பதில் ஒரு பங்குதான், அதாவது 2 சதவீதம், துணியைத் தாண்டும். வழக்கமான மெல்லிய வெள்ளைப் பருத்தி டி-ஷர்ட் நனைந்துவிட்டால் பாதுகாப்பு மளமளவென்று இறங்கிவிடும். அதைப் போட்டுக் குழந்தையைக் கடலில் விட்டால் தோள்பட்டை துணிக்குள்ளேயே சிவந்துவிடும். தொப்பியில் பெரியவர்களுக்கு விளிம்பு 7.5 செ.மீ. இருக்க வேண்டும் என்பது இங்கே புற்றுநோய்த் தடுப்பு அமைப்புகள் சொல்லும் அளவு. பேஸ்பால் தொப்பியைக் கணக்கில் சேர்ப்பதில்லை, காதும் பிடரியும் வெளியே தெரியும். தொப்பி இல்லாவிட்டால் மைதானத்தில் விளையாட்டும் இல்லை என்பது பல பள்ளிகளில் எழுதிய சட்டம். ஆகவே ஒன்று தொலைந்தால் போட இன்னொன்று வீட்டில் இருக்கட்டும்.

குளிர்காலத் துணியில்தான் கே-மார்ட் சறுக்குகிறது, வாங்குபவரும் சறுக்குகிறார். ஆஸ்திரேலியா என்றால் வெயில் என்று நினைத்து, கிளம்புவதற்கு முன் கம்பளி ஸ்வெட்டர்களை எல்லாம் தானம் செய்துவிட்டு வருபவர்கள் ஏராளம். மெல்பர்ன், கான்பெரா, ஹோபார்ட் குளிரை வெளியில் சமாளித்துவிடலாம். வீட்டுக்குள்தான் பல் கிட்டும். பழைய வாடகை வீடுகளில் ஒற்றைக் கண்ணாடி ஜன்னல், கதவடியில் விரல்கடை இடைவெளி, ரேடியேட்டர் ஓடும் மத்திய வெப்பமூட்டல் கிடையாது, கூடத்தில் மட்டும் ஒரு ஹீட்டர். பிரிட்டனில் ஜனவரியில் டி-ஷர்ட்டோடு வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தவர் இங்கே ஜூலையில் ஸ்வெட்டரும் கம்பளிக் காலுறையுமாக உட்கார வேண்டியிருக்கும். கே-மார்ட் ஸ்வெட்டர்களில் பெரும்பாலும் அக்ரிலிக், பாலியெஸ்டர். நான்கைந்து சலவையில் அக்குளிலும் முழங்கையிலும் உருண்டை உருண்டையாகப் பந்து கட்டும். இழை குட்டையாக இருப்பதால் உரசலில் வெளியே வந்து சுருண்டுகொள்கிறது, வேறொன்றுமில்லை. 25 டாலருக்கு அதை இரண்டு தடவை வாங்குவதைவிட, மே, ஜூன் மாதங்களில் ஆல்டியின் புதன், சனி சிறப்பு விற்பனையில் மெரினோ உள்ளாடை வருகிறதா என்று பார்க்கலாம். ஒவ்வொரு வருடமும் மே மாதத்தில் பனிச்சறுக்கு உடைகளும் அங்கே வரும், அதற்கு விடியற்காலை வரிசை நிற்கும்.

வீடு குளிர்வதால் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். குழந்தைகளின் இரவு உடையில் தீ அபாய லேபிள் இங்கே சட்டப்படி கட்டாயம். வெள்ளை லேபிள் குறைந்த அபாயம், சிவப்பு லேபிள் அதிக அபாயம். தொளதொளவென்று இருக்கும் உடையிலும் புசுபுசு துணியிலும் சிவப்பைக் காணலாம். ஹீட்டர் முன்னால் குவிந்து உட்காரும் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் உடம்போடு ஒட்டிய, வெள்ளை லேபிள் போட்ட பருத்தி உடையே எடுங்கள். விலையில் பெரிய வித்தியாசம் இருக்காது.

படுக்கை விரிப்பு ‘மான்செஸ்டர்’ என்று பலகை தொங்கும் பகுதியில் இருக்கும். மான்செஸ்டரிலிருந்தே வந்தவர்கள் சிரித்துவிட்டு உள்ளே போகலாம். பிரிட்டன் கிங் மெத்தை 150க்கு 200 செ.மீ., ஆஸ்திரேலியக் குயீன் 153க்கு 203. அங்கிருந்து கொண்டுவந்த எலாஸ்டிக் விரிப்பை இழுத்து மாட்டிவிடலாம், ஆனால் மூன்று செ.மீ. பற்றாமல் ஒரு மூலை இரவில் கழன்று வரும். மேல்விரிப்பும் டூவே எனும் பஞ்சுப் போர்வையின் உறையும் கொண்டுவாருங்கள், எலாஸ்டிக் விரிப்பை இங்கே வாங்குங்கள். விலைக்கு இந்தப் பகுதி கே-மார்ட்டில் நன்றாகவே இருக்கும்.

பள்ளிச் சீருடைக்கு முழுப்பட்டியலையும் பள்ளிக் கடையிலேயே எடுக்கத் தேவையில்லை. சின்னம் போட்ட போலோ சட்டையும் தொப்பியும் மட்டும் அங்கே. போலோ ஒன்று 25 முதல் 40 டாலர் ஆகலாம், மூன்று போதும். சின்னமில்லாத அரைக்கால் சட்டை, ஓட்டக் காற்சட்டை, வெள்ளைக் காலுறை கே-மார்ட், பிக் டபிள்யூ, பெஸ்ட் அண்ட் லெஸ்ஸில் ஐந்தில் ஒரு பங்கு விலைக்கே கிடைக்கும். பள்ளி வருடம் ஜனவரிக் கடைசியில் தொடங்குவதால் டிசம்பர் பாதிக்குள் வாங்கிவிட வேண்டும், அதன்பின் நடுத்தர அளவுகள் தீர்ந்துவிடும். பழைய சீருடை விற்கும் பெற்றோர் குழு அநேகமாக எல்லாப் பள்ளியிலும் உண்டு. பள்ளி ஷூவில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். தார்த் தரையில் நாள் முழுதும் ஓடும் பிள்ளைக்கு மலிவு ஷூவின் ஒட்டுப்போட்ட அடி ஒரு பருவம் தாங்கினால் பெரிது. கிளார்க்ஸ் இங்கேயும் உண்டு, பாதத்தின் அகலத்துக்குத் தகுந்த அளவும் உண்டு. விலை 100 டாலரைத் தாண்டும்.

வேலைத்தளத்துக்குப் போகிறவர்கள் பிரிட்டன் பூட்ஸையும் ஒளிரும் சட்டையையும் நம்பி வரவேண்டாம். பாதுகாப்பு பூட்ஸில் ஆஸ்திரேலியத் தர எண் 2210.3, சட்டையில் 4602.1 என்ற முத்திரை இருக்கிறதா என்றுதான் மேற்பார்வையாளர் பார்ப்பார். வேலைக்குக் கட்டாயமான சின்னம் போட்ட சீருடைக்கும் பாதுகாப்பு உடைக்கும் வருமான வரியில் கழிவு உண்டு. சலவைக்கும் உண்டு: வேலைத்துணி மட்டும் என்றால் ஒரு தடவைக்கு 1 டாலர், வீட்டுத்துணியோடு கலந்தால் 50 சென்ட், மொத்தம் 150 டாலர் வரை ரசீது கேட்க மாட்டார்கள். அலுவலகத்துக்குப் போடும் சாதாரணக் கறுப்பு பேன்ட்டுக்கு எதுவும் கிடையாது, முதலாளி கட்டாயம் என்று சொன்னாலும்.

துணி சீக்கிரம் நைந்துபோகிறது என்று கே-மார்ட்டைத் திட்டுபவர்கள் கொடிக்கயிற்றையும் ஒருமுறை பார்க்க வேண்டும். கோடையில் நடுப்பகல் வெயிலில் கறுப்புச் சட்டையை அப்படியே காயப்போட்டால் சில மாதங்களில் தோள்பட்டை மட்டும் பழுப்பாகிவிடும், எலாஸ்டிக்கும் செத்துவிடும். உள்பக்கம் வெளியே வருமாறு புரட்டிப் போட்டு, ஒரு மணி நேரத்தில் எடுத்துவிடுங்கள். சோப்புத்தூளிலும் கவனம். லண்டனில் கடின நீர். மெல்பர்னில் மிக மென்மையான நீர். அங்கே போட்ட அளவையே இங்கேயும் போட்டால் நுரை அலசிப் போகாமல் துணியிலேயே தங்கி விறைக்கும். பாதி அளவில் தொடங்குங்கள். அடிலெய்டு, பெர்த்தில் நீர் கொஞ்சம் கடினம், அங்கே இந்தக் கணக்கு பொருந்தாது.

மற்ற கடைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பிக் டபிள்யூ கே-மார்ட்டின் அச்சு அசல் போட்டி, உள்ளாடை பிராண்டுகள் அங்கே கூடுதல். டார்கெட்டும் வெஸ்ஃபார்மர்ஸ் கடைதான், அமெரிக்க டார்கெட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. குழந்தைத் துணி ஒருபடி கனமாக இருக்கும். மெல்லிய கம்பளிக்கும் வெப்ப உள்ளாடைக்கும் யூனிக்லோ. பாண்ட்ஸ் 1915-இலிருந்து இருக்கும் உள்ளாடைப் பெயர், முழு விலைக்கு வாங்காதீர்கள், தள்ளுபடி வராத மாதமே இல்லை. வின்னீஸ், சால்வோஸ் போன்ற அறக்கட்டளைக் கடைகளில் கம்பளிக் கோட்டுகள் நன்றாகக் கிடைக்கும்.

இங்கிருந்தபடியே பிரிட்டன் தளங்களில் வாங்குவது வருடத்தில் இரண்டு சமயம் மட்டும் லாபம். ஜூலை, ஆகஸ்டில் அங்கே கோடைத் துணியைக் கழித்துக்கட்டுவார்கள். இங்கே கோடை தொடங்க மூன்று முதல் ஐந்து மாதம் இருக்கும். அதேபோல அவர்களின் ஜனவரித் தள்ளுபடியில் கோட்டு வாங்கி ஜூன் வரை மடித்து வைக்கலாம். 1000 டாலர் வரையிலான பார்சலுக்குச் சுங்கம் இல்லை, பெரிய விற்பனையாளர்கள் 10 சதவீத ஜிஎஸ்டியை முதலிலேயே வாங்கிவிடுவார்கள். 2023 மே 31-இல் அமலுக்கு வந்த பிரிட்டன்–ஆஸ்திரேலியா வர்த்தக ஒப்பந்தத்தைக் காட்டிச் சலுகை கேட்க முடியாது, வங்கதேசத்தில் தைத்த சட்டை பிரிட்டன் சரக்கு ஆகிவிடாது. பிரிட்டனில் இணையத்தில் வாங்கியதை 14 நாளுக்குள் மனம் மாறித் திருப்பித் தரும் உரிமை சட்டத்தில் இருக்கிறது. இங்கே கடைகளில் அது கடைக்காரர் மனம் வைத்தால்தான். பொருளில் பெரிய பழுது இருந்தால் மட்டும் பணத்தைத் திருப்பித் தந்தே ஆகவேண்டும், ‘ரீஃபண்ட் இல்லை’ என்ற பலகைக்குச் சட்டத்தில் மதிப்பில்லை.

துணிச் செலவு எப்படியும் குடும்பக் கணக்கில் சின்ன வரிதான். வாடகை வாரக்கணக்கில் சொல்வார்கள். வாரம் 600 என்றால் நாலால் பெருக்காதீர்கள், மாதம் 2,600. நியூ சவுத் வேல்ஸில் முன்பணம் நான்கு வார வாடகை வரை. இதற்கு எதிரில், கவுன்சில் வரியை வீட்டுக்காரர் கட்டுவார், வாடகைக்கு இருப்பவர் கட்ட வேண்டாம். டிவி லைசென்ஸ் 1974-இலேயே போய்விட்டது. சம்பளம் பல இடங்களில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வரும். முதல் சம்பளம் வரும்வரை வேண்டிய துணியைப் பெட்டியிலேயே வைத்திருப்பவர்களுக்கு நெருக்கடி குறைவு.

ஈஸ்ட்ஹாம், ஹாரோ பக்கமிருந்து சிட்னியின் வென்ட்வொர்த்வில், பென்டில் ஹில்லுக்கு மாறிவரும் நம்மவர்களுக்கும் இதே பட்டியல்தான்: கம்பளி, கோட்டு, பழகிய பிரா, கணுக்கால் பூட்ஸ் பெட்டியில் வரட்டும். டி-ஷர்ட், இரவு உடை, நீச்சல் உடை, குழந்தையின் தினசரித் துணி எல்லாம் கே-மார்ட்டில். கப்பலில் தனியாக அனுப்பும் பெட்டியில் பன்னிரண்டு மாதமாவது வைத்திருந்து பயன்படுத்திய பொருளுக்குத்தான் வரிவிலக்கு. விலைச்சீட்டு கிழிக்காத புதுத் துணியை அதில் அடுக்காதீர்கள். நடைப்பயண பூட்ஸ் இருந்தால் அடியில் உள்ள பள்ளங்களைப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, மண் துளியும் இல்லாமல் காயவைத்து, விமான நிலையப் படிவத்தில் மறைக்காமல் எழுதிவிடுங்கள். மண்ணோடு பிடிபட்டால் அபராதம் பூட்ஸ் விலையைத் தாண்டிவிடும்.