"வரி இல்லாம வாங்கிக்கறேன்" என்று வருபவரிடம் உஷார்: ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப் என்ற ஆன்லைன் கேம் ஆடுபவர்களுக்கு

கேமின் பொதுச் சந்தையான கிராண்ட் எக்ஸ்சேஞ்ச் வாசலில் நின்றுகொண்டு "வரி கட்ட வேண்டாம், நேரடியா எனக்கே குடுத்துடுங்க" என்று கூப்பிடும் ஆட்கள் மறுபடியும் பெருகியிருக்கிறார்கள். எங்கள் கிளானுக்குப் புதிதாக வந்த ஒருவர், ஒரு கோடி காயின் பெறுமான பொருளை இப்படி ஒரு ஆளிடம் கொடுத்துவிட்டுப் பத்து லட்சத்தோடு நின்றார். டிரேடில் நாமே சம்மதித்துக் கொடுத்தது கொடுத்ததுதான். எங்கே முறையிட்டாலும் திரும்பி வராது.

தூண்டில் என்னவோ உண்மையான விஷயம்தான். கிராண்ட் எக்ஸ்சேஞ்சில் விற்றால் விற்பவருக்கு இப்போது 2 சதவீத வரி. 2021 டிசம்பரில் வந்தபோது 1 சதவீதமாக இருந்தது. ஒரு கோடிக்கு விற்றால் 2 லட்சம் போய்விடும். அந்த 2 லட்சத்தை மிச்சப்படுத்தப் போய்த்தான் 90 லட்சம் போயிருக்கிறது.

முதல் டிரேட் விண்டோவில் அந்த ஆள் சரியாக ஒரு கோடியை வைத்தான். காயின் படத்தின் மேல் பச்சை எழுத்தில் 10எம் (எம் என்றால் பத்து லட்சம்). இவர் தன் பொருளை வைத்ததும் "ஐயோ, தப்பா வெச்சுட்டேன், ஒரு நிமிஷம்" என்று காயினை எடுத்தான். மறுபடி வைத்தபோது வெள்ளை எழுத்தில் 1000கே (கே என்றால் ஆயிரம்). வேகமாகப் பார்த்தால் இரண்டிலும் ஒன்றும் பூஜ்யங்களும்தான் கண்ணில் படும். கூடவே "சீக்கிரம் பிரதர், இன்னொருத்தர் வெயிட் பண்றாங்க" என்று அவசரம். ஆயிரம் ஆயிரம் என்றால் பத்து லட்சம்தான் என்று கணக்குப் போட்டுப் பார்ப்பதற்குள் இரண்டு திரையிலும் அக்செப்ட் அழுத்தியாகிவிட்டது.

இதைத் தடுக்க கேமிலேயே மூன்று வழிகள் இருக்கின்றன. ஒன்று, நிறம். 99,999 வரை மஞ்சளில் முழு எண். ஒரு லட்சத்திலிருந்து ஒரு கோடிக்குக் கீழ் வரை வெள்ளையில் கே. ஒரு கோடியும் அதற்கு மேலும் பச்சையில் எம். பச்சையாக இருந்தது வெள்ளையானால் பணம் குறைந்துவிட்டது என்று அர்த்தம், எண்ணைப் படிக்கவே வேண்டாம். இரண்டாவது, வைத்ததை யாராவது எடுத்தால் அந்தக் கட்டத்தில் சிவப்பு ஆச்சரியக்குறி மின்னும். அது மின்னியதுமே டிரேடை மூடிவிடுங்கள். உண்மையாக வாங்குபவர் மறுபடி டிரேடுக்கு வருவார், மோசடிக்காரன் திட்டிவிட்டு அடுத்த ஆளைத் தேடிப் போவான். மூன்றாவது, கடைசியாக உறுதி கேட்கும் இரண்டாவது திரை. அங்கே படம் கிடையாது. பொருளின் பெயரும் எண்ணிக்கையும் எழுத்தில் இருக்கும். வாய்விட்டுப் படித்துவிட்டு அழுத்துங்கள்.

இரண்டாவது திரையின் அருமை காயினோடு முடிவதில்லை. நான்கு டோஸ் போஷனுக்குப் பதில் ஒரு டோஸ் போஷனை நோட்டாக்கி (பொருளுக்குப் பதிலான சீட்டாக மாற்றி) வைப்பார்கள். இடம் தாவ உதவும் கழுத்தணியான அமுலெட் ஆஃப் குளோரி சார்ஜோடு இருப்பதற்குப் பதில் சார்ஜ் தீர்ந்ததை வைப்பார்கள். படத்தை மேலோட்டமாகப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் இருக்கும் எண்தான் காட்டிக்கொடுக்கும்.

"டபுளிங்" பற்றி நீட்டி எழுத அவசியமில்லை. ஒரு லட்சம் கொடுத்தால் இரண்டு லட்சம் தருவான், பத்து லட்சம் கொடுத்தால் இருபதும் தருவான், பெரிய தொகை கைக்கு வந்ததும் லாகவுட். பக்கத்தில் நின்று "எனக்குக் கிடைச்சுது, தேங்க்ஸ்" என்று சொல்பவை பெரும்பாலும் அவனுடைய அக்கவுண்ட்களேதான்.

அதைவிட ஆபத்து, "சும்மா கூட வாங்க, பணம் பண்ற இடம் காட்டறேன்" என்று, வீரர்கள் ஒருவரையொருவர் தாக்கக்கூடிய வைல்டர்னஸ் பக்கம் கூட்டிப் போவது. அங்கே இன்னொரு வீரர் கையால் செத்தால், ஸ்கல் (மற்றவரை முதலில் தாக்கியவர் தலைமேல் வரும் மண்டையோட்டுக் குறி) இல்லாதபோது விலை உயர்ந்த மூன்று பொருள்தான் மிஞ்சும். ஸ்கல் இருந்தால் அதுவும் இல்லை. வைல்டர்னஸ் லெவல் 20 தாண்டினால் சாதாரண டெலிபோர்ட் (நொடியில் இடம் தாவுவது) வேலை செய்யாது, 30 தாண்டினால் குளோரியும் கைகொடுக்காது. காசு சம்பாதிக்கப் போகிற இடத்துக்கு விலை உயர்ந்த உடையில் வரச்சொன்னால் அப்போதே புரிந்துகொள்ள வேண்டும்.

புதியவர்கள் இதில் விழுவதற்குக் காரணம் பேராசை என்று நான் நினைக்கவில்லை. நேர்மையாகச் சேர்ப்பது மெதுவான வேலை, அந்தக் கணக்கை யாரும் சரியாகச் சொல்லித் தருவதில்லை. பொருளைக் காயினாக மாற்றும் மந்திரமான ஹை ஆல்கெமியை எடுத்துக்கொள்ளுங்கள். மேஜிக் லெவல் 55, ஒரு தடவைக்கு ஒரு நேச்சர் ரூன், ஐந்து ஃபயர் ரூன். ஃபயர் ஸ்டாஃப் கையில் இருந்தால் ஃபயர் ரூன் செலவு இல்லை. பொருளின் அடிப்படை மதிப்பில் 60 சதவீதம் காயினாக வரும். ரூன் பிளேட்பாடி என்ற மார்புக் கவசத்தின் மதிப்பு 65,000, ஆகவே 39,000 வரும். வாங்கிய விலையும் நேச்சர் ரூன் விலையும் சேர்ந்து 38,600 ஆனது என்றால் ஒன்றுக்கு லாபம் 400. இதற்கு வரியும் கிடையாது.

ஒரு தடவைக்கு 3 விநாடி, மணிக்கு 1,200 தடவை, ஆக 4,80,000 லாபம் என்று கணக்குப் போட்டு உட்கார்ந்தால் ஏமாற்றம்தான். ரூன் பிளேட்பாடியை கிராண்ட் எக்ஸ்சேஞ்சில் நான்கு மணி நேரத்துக்கு 70க்கு மேல் வாங்க முடியாது. அந்த 70 மூன்றரை நிமிடத்தில் தீர்ந்துவிடும். அதனால் பல பொருள்களைக் கலந்து வாங்கி வைக்க வேண்டும், ஒவ்வொன்றுக்கும் லாபம் தனியாகப் பார்க்க வேண்டும். அந்த 90 லட்சத்தை இந்த வழியில், ஒரு நொடி கூட வீணாக்காமல், மீண்டும் சேர்க்கவே கிட்டத்தட்ட 19 மணி நேரம் ஆகும்.

வாங்கி விற்பவர்களும் வரியைக் கணக்கில் சேர்க்காமல் கை சுட்டுக்கொள்கிறார்கள். 1,00,000க்கு வாங்கி 1,01,500க்கு விற்றால் 1,500 லாபம் போலத் தோன்றும்; வரி 2,030 போனபின் 530 நஷ்டம். 50 காயினுக்குக் குறைவான பொருள்களுக்கு வரி இல்லை. பாண்டுக்கும் (மெம்பர்ஷிப்பாக மாற்றக்கூடிய பொருள்) வரி இல்லை, ஆனால் கிராண்ட் எக்ஸ்சேஞ்சில் வாங்கிய பாண்டை மறுபடி விற்கும்படி மாற்ற 10 சதவீதக் கட்டணம் உண்டு. "இந்தப் பொருளை எல்லோரும் இத்தனை மணிக்கு வாங்குங்க, விலை ஏறும்" என்று சேனலில் சொல்பவர்கள் அதை முன்கூட்டியே வாங்கி வைத்திருப்பார்கள். விலை ஏறுவது உங்களால், விற்று வெளியேறுவது அவர்கள்.

வெளியாட்களிடம் நிஜப் பணம் கொடுத்து கோல்ட் (கேம் காயின்) வாங்குவது விதிமீறல். கோல்டும் போகலாம், அக்கவுண்டும் போகலாம். விற்கும் பக்கம் இருந்தாலும் பாதுகாப்பில்லை: வாங்குபவர்கள் பணத்தை அனுப்பிவிட்டு, கோல்டு கைக்கு வந்ததும் பேமெண்ட்டைத் திரும்ப எடுத்துக்கொள்வார்கள்.

ஏற்கெனவே மாட்டியவர்கள், டிரேடில் போனது போகட்டும் என்று விட்டுவிட்டு முதலில் அக்கவுண்டைக் காப்பாற்றுங்கள். அந்த ஆள் அனுப்பிய லிங்க் எதையாவது திறந்து லாகின் செய்தீர்களா, "விலை பார்க்கிற ஆப்" என்று எதையாவது டவுன்லோட் செய்தீர்களா என்று யோசியுங்கள். பலரும் கேமைத் திறக்கப் பயன்படுத்தும் ரூன்லைட் என்ற மென்பொருளின் பெயரிலேயே போலிகள் சுற்றுகின்றன. அப்படி ஏதாவது போட்டிருந்தால் வேறொரு சுத்தமான கம்ப்யூட்டரிலிருந்து ஈமெயில் பாஸ்வேர்டை முதலில், கேம் பாஸ்வேர்டை அடுத்து மாற்றுங்கள், பிறகு ஆதென்டிகேட்டர் (லாகினுக்கு மொபைலில் கோட் தரும் ஆப்) போடுங்கள். பேங்க் பின் இல்லையென்றால் இன்றே நான்கு இலக்கத்தில் போடுங்கள். அதை நீக்கக் காத்திருக்க வேண்டிய காலத்தை 3 நாளில் விடாமல் 7 நாளாக வையுங்கள். வேறொருவர் உள்ளே புகுந்தாலும் பேங்கைத் திறக்க ஒரு வாரம் ஆகும், அதற்குள் நீங்கள் கவனித்துவிடலாம். அந்த ஆளின் பெயரை இக்னோரில் போடுவதற்கு முன் ரிப்போர்ட் செய்துவிடுங்கள்.