ஆள்வோருக்காக மன்றாடுவதா, அவர்களைத் திட்டுவதா?

மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கப்படும் ஜூன் 12 கடந்தும் கடைமடைக்குத் தண்ணீர் வராத ஆண்டுகளில், திருவாரூர், நாகப்பட்டினம் பகுதித் தேநீர்க் கடைகளில் ஆள்வோர் மீதான வசைக்குக் குறைவிருக்காது. அந்தக் கோபத்தில் நியாயமும் உண்டு. ஆனால் கடை வாசலிலேயே முடிந்துபோகும் வசை எந்த அதிகாரியின் காதுக்கும் எட்டாமல், பேசியவரின் கசப்பை மட்டுமே வளர்க்கிறது.

ஆள்வோருக்காக இறைவனிடம் வேண்டும் மன்றாட்டின் போக்கு வேறு. விவிலியத்தில், திருத்தூதர் பவுல் தம் உடனுழைப்பாளர் தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் கடிதத்தின் இரண்டாம் அதிகாரம், அரசர்களுக்காகவும் அதிகாரத்தில் உள்ள அனைவருக்காகவும் மன்றாடச் சொல்கிறது. அன்று ஆண்டது கிறிஸ்தவத்தை ஏற்காத உரோமைப் பேரரசு என்பதால், நல்லவர்களுக்கு மட்டுமே இந்த வேண்டுதல் என்று ஒதுங்கிக்கொள்ள இடமில்லை. சீர்காழியில் பிறந்த சம்பந்தரும் மழை பொழிக என்றும் வேந்தன் ஓங்குக என்றும் ஒரே பாட்டில் வாழ்த்தியிருக்கிறார். ஒருவருக்காகப் பெயர் சொல்லி வேண்டுகிறவர் அவரை மனிதராகப் பார்க்கத் தொடங்குகிறார். (நாம் வாக்களிக்காத கட்சியின் அமைச்சருக்காக வேண்டிப் பார்த்தால்தான் இதன் கடினம் புரியும்.)

எனினும், வேண்டுதலை மௌனத்துக்குச் சாக்காக்குவதை ஏற்க இயலாது. தூர்வாரப்படாத வாய்க்காலைப் பற்றி ஆட்சியரகத்தில் திங்கட்கிழமை நடக்கும் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுப்பது புலம்பல் ஆகாது. 2018இல் உச்ச நீதிமன்றம் தமிழகத்தின் காவிரிப் பங்கை 192 டி.எம்.சி.யிலிருந்து 177.25 ஆகக் குறைத்தபோதும், அந்த அளவாவது உறுதியானது வழக்காடியதால்தான். ஆகவே வசையா மன்றாட்டா என்றால் மன்றாட்டையே தேர்வேன். மனுவை மன்றாடுகிறவரும் எழுதத்தான் வேண்டும்.