தொலைக்காட்சிக்கு ஒரு முகம்: குன்னூர் அழகு நிலையத்தில் இரண்டு விடியற்காலைகள்

பசுந்தேயிலை விலை குறித்துப் பேச வருமாறு ஒரு தொலைக்காட்சி நிறுவனம் சென்ற ஜனவரியில் எங்கள் சிறு தேயிலை விவசாயிகள் குழுவை அழைத்திருந்தது. முதல் நாள் எங்கள் தோட்டத்திலேயே காலை 7 மணிக்குப் படப்பிடிப்பு. நான்கு நாள் கழித்துக் கோவையிலுள்ள அரங்கில் நேரலை விவாதம். இரண்டுக்கும் குன்னூர் கடைவீதியில் குறுகலான மாடிப்படி ஏறிச் செல்ல வேண்டிய ஓர் அழகு நிலையத்தில்தான் மேக்கப் போட்டுக்கொண்டேன். குறை ஒன்றையும் சேர்த்தே எழுதப் போவதால் கடையின் பெயரைத் தவிர்க்கிறேன்.

குறையை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த நிலையத்துக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் மணப்பெண்களும் அவர்களுடைய உறவினர்களும்தாம். நான் நாற்காலியில் உட்கார்ந்ததும் அழகுக்கலைஞர் தயக்கமின்றி எடுத்த பவுண்டேஷன், அதாவது தோல் நிறத்துக்கேற்ற அடிப்பூச்சு, என் நிறத்தைவிட இரண்டு படி வெளுப்பானது. கல்யாண மண்டபத்து விளக்குக்கும் ஆல்பத்துக்குமாகப் பழகிப்போன கை வேறு எதை எடுக்கும்? கண்ணாடியில் பார்த்தபோது எனக்கும் அது பிடித்துத்தான் இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். தோட்டத்தில் ஒளிப்பதிவாளர் மானிட்டரைத் திருப்பிக் காட்டியபோதுதான், முகம் ஒருத்தியுடையதாகவும், கழுத்தும் கொழுந்து பறித்துக் கறுத்த கைகளும் இன்னொருத்தியுடையவையாகவும் தெரிந்தன. முகம் அளவுக்கு மீறி வெளுத்திருந்தால், அது திரையில் விவரமே தெரியாத வெள்ளைத் திட்டாகிவிடாமலிருக்க ஒளிப்பதிவாளர் கேமராவுக்குள் வரும் வெளிச்சத்தைக் குறைப்பார். அப்போது கைகளும் பின்னாலிருக்கும் தேயிலைச் செடிகளும் மேலும் இருண்டுபோகும். போதாக்குறைக்கு அன்று காலை மஞ்சு இறங்கியிருந்தது. மேகத்தினூடாக வரும் வெளிச்சம் சற்று நீலம் பாரித்தது என்பதால், அந்த வெள்ளைப் பூச்சு சாம்பல் தட்டியது போலாகிவிட்டது.

இதில் என் பங்கும் உண்டு. மலைக்காற்றில் முகம் வெடிக்கும் என்று வீட்டிலிருந்து புறப்படும்போதே தேங்காய் எண்ணெயைத் தேய்த்துக்கொண்டு போயிருந்தேன். குன்னூரில் ஜனவரி மாதத்தில் எண்ணெய்ப் புட்டியை அடுப்போரம் வைத்துத்தான் உருக்க வேண்டும். அப்படி உருக்கியதை நெற்றியிலும் கன்னத்திலும் தாராளமாகப் பூசிவிட்டு, அதன் மேல் பவுண்டேஷன் ஒட்டவில்லையே என்று அந்தப் பெண்ணிடம் குறைபட்டுக்கொண்டேன். அவர் ஒன்றும் சொல்லாமல் பஞ்சில் துடைத்து எடுத்துவிட்டு, எண்ணெய்ப் பசையில்லாத மாய்ஸ்சரைசரைத் தடவி, அது தோலுக்குள் இறங்குவதற்காகப் பத்து நிமிடம் காத்திருக்க வைத்தார். குளிரில் குச்சிபோல இறுகிக் கிடந்த பவுண்டேஷன் கிரீமை முதலில் தன் புறங்கையில் தேய்த்து இளக்கிக்கொண்டு, பிறகு ஈரமான ஸ்பாஞ்சால் ஒற்றி ஒற்றி வைத்தார். இழுத்துத் தேய்த்திருந்தால் வறண்ட மூக்கோரங்களில் செதில் செதிலாக எழும்பியிருக்கும். நிறத் தேர்வில் தவறிய அதே கைக்கு, மலைத் தோலை எப்படிக் கையாள வேண்டும் என்பது நன்றாகவே தெரிந்திருக்கிறது.

அன்று என்னுடன் எங்கள் பக்கத்து ஹட்டியை (படுகர் ஊரை) சேர்ந்த படுகர் பாட்டி ஒருவரும் வந்திருந்தார். ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் கொழுந்து பறித்தவர். அவருடைய நெற்றியில் இளவயதில் குத்திய பச்சை இருக்கிறது. அழகுக்கலைஞர் வழக்கம்போலத் தழும்பு, கறைகளை மறைக்கும் கன்சீலரை விரலில் எடுத்து அந்தப் புள்ளிகளின் மேல் வைக்கப் போனதும், பாட்டி அவருடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, “அது தேய்ச்சாப் போகாதும்மா, நீ வீணா கஷ்டப்படாதே” என்றார். அழிக்கத்தான் முயல்கிறார்கள் என்று நினைத்திருக்கிறார். அந்தப் பெண் சிரித்துவிட்டு, கன்சீலரைத் துடைத்து எறிந்து, பாட்டியின் முகத்தில் மினுமினுப்பை அடக்கும் பவுடரை மட்டும் லேசாகப் போட்டதோடு நிறுத்திக்கொண்டார். மானிட்டரில் அன்று இயல்பாகத் தெரிந்த முகம் பாட்டியுடையதுதான். நெற்றிப் பச்சைகூடத் துல்லியமாக விழுந்திருந்தது.

நேரலைக்கு முந்தைய நாள் தொலைபேசியில் அழகுக்கலைஞரிடம் என் மனத்தாங்கலைச் சொன்னேன். அவர் வாதாடவில்லை. ஒளிபரப்பான காட்சியை அனுப்பச் சொல்லிப் பார்த்துவிட்டு, “அக்கா, நாளைக்குக் கண்ணாடியே பார்க்க வேண்டாம்” என்றார். மறுநாள் விடியற்காலை 4 மணிக்கு நான் போனபோது நாற்காலியின் இருபுறமும் வெள்ளை விளக்குகளைப் பொருத்தி வைத்திருந்தார். என் தாடையோரத்தில் மூன்று பவுண்டேஷன்களை மூன்று கோடுகளாக இழுத்து, கைப்பேசியில் வீடியோ எடுத்து, கழுத்தோடு கரைந்து காணாமல் போன கோட்டைத் தேர்ந்தெடுத்தார். அது சற்று மஞ்சளோடிய மாநிறம். என் வாழ்நாளில் கடையில் கேட்டு வாங்கியிராத ஷேடு. கழுத்துக்கும் காதுமடலுக்கும் புறங்கைகளுக்கும் அதையே மெல்லப் பூசினார். அரங்க விளக்கு நேருக்கு நேர் அடித்தால் முகத்தின் மேடு பள்ளங்கள் தட்டையாகிவிடும் என்பதால் கன்னத்தின் கீழும் தாடையின் ஓரத்திலும் ஒரு படி அடர்ந்த நிறத்தால் மெலிதாக நிழல் கொடுத்தார். உயர்தெளிவுக் கேமரா பூச்சின் ஒவ்வொரு படலத்தையும் காட்டிக்கொடுக்கும் என்பதால், தேவையான இடத்தில் மட்டும் வைத்து மற்ற இடங்களில் தோலையே விட்டுவிட வேண்டும் என்பது அவருடைய கணக்கு. கண்ணிமையில் மினுக்கம் கிடையாது. உதட்டுக்கு உதட்டின் நிறமே, சற்று அழுத்தமாக. கல் பதித்த ஒட்டுப்பொட்டை எடுக்கச் சொல்லிவிட்டு மெரூன் வட்டப்பொட்டு வைத்தார். மூக்குத்தியைக் கழற்றச் சொல்வாரோ என்று பயந்திருந்தேன், தொடவே இல்லை.

சன்ஸ்கிரீன் விஷயத்தில் அவர் சொன்னது மலையில் வாழ்பவர்கள் அனைவருக்கும் பயன்படும். உயரம் ஒவ்வோர் 1,000 மீட்டருக்கும் புறஊதாக் கதிர் ஏறத்தாழ 10 விழுக்காடு கூடுகிறது. குன்னூரோ 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆகவே இங்கே சன்ஸ்கிரீன் இன்றித் தோட்டத்தில் நிற்பது நல்லதல்ல. ஆனால் துத்தநாக ஆக்சைடோ டைட்டானியம் டை ஆக்சைடோ கலந்த வகைகள் ஒளியைத் திருப்பி அடிப்பதால் ஃப்ளாஷ் வெளிச்சத்தில் முகம் சுண்ணாம்பு அடித்ததுபோல் விழும். அரங்கத்துக்குள் உட்காரப் போகிற நாளில் அது தேவையே இல்லை.

உடையைப் பற்றியும் அவரே கேட்டது எனக்கு வியப்பளித்தது. தேயிலைக்காரி என்று தெரிய வேண்டுமே என்ற ஆசையில் கிளிப்பச்சைப் புடவை ஒன்றை எடுத்து வைத்திருந்தேன். பின்னணியில் பச்சைத் திரை கட்டிப் படம் சேர்க்கிற அரங்கமாக இருந்தால் புடவை மறைந்து தலை மட்டும் மிதக்கும் என்றார். நெருக்கமான மெல்லிய கோடுகளும் பொடிக்கட்டங்களும் திரையில் நெளியும் என்பதால் என் இரண்டாவது தேர்வும் நிராகரிக்கப்பட்டது. கடைசியில் கரை சிறுத்த நாவல்பழ நிறப் பருத்திப் புடவையில் போனேன்.

குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு இறங்கும் 14 கொண்டை ஊசி வளைவுகள்தாம் இந்த மேக்கப்புக்கு உண்மையான சோதனை. மேலே சால்வை போர்த்தி ஏறியவள், கீழே இறங்கியதும் வண்டியின் கண்ணாடியைத் திறந்து வைத்துக்கொண்டு வியர்த்துக்கொண்டிருந்தேன். பவுடரை மேலும் மேலும் அப்பாமல், முதலில் எண்ணெய் உறிஞ்சும் தாளால் ஒற்றி எடுத்துவிட்டுப் பிறகே பவுடரைத் தொட வேண்டும் என்று சொல்லி, தாள்களையும் ஒரு சிறு டப்பாவையும் கையில் கொடுத்து அனுப்பியிருந்தார். கோவை அரங்கில் அவர்களுடைய மேக்கப்காரர் என்னை உட்கார வைத்து, விளக்கின் கீழ் முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்து, மூக்கு நுனியில் ஒரு தடவை பவுடர் ஒற்றிவிட்டு, “யார் போட்டது?” என்று மட்டும் கேட்டார். குன்னூரில் ஒரு பெண் என்றேன். திரைப்படத் துறையில் பெண்கள் சிகை அலங்காரத்தோடு நின்றுகொள்ள வேண்டும், மேக்கப் ஆண்களுக்கே என்று சங்கங்கள் வைத்திருந்த விதியை உச்ச நீதிமன்றம் 2014 நவம்பரில்தான் செல்லாது என்றது என்பது அந்த நேரத்தில் நினைவுக்கு வந்தது.

முதல் நாளுக்கு 1,500 ரூபாய் வாங்கியவர், இரண்டாம் நாளுக்கு 1,000 ரூபாய் போதும் என்றார். மணப்பெண் அலங்காரத்துக்கு வாங்குவதோடு ஒப்பிட்டால் இது மிகக் குறைவு. விடியற்காலையில் கடையைத் திறந்து வைத்ததற்கு நானே சேர்த்துக் கொடுத்தேன். எனக்குப் பொருந்திய ஷேடின் எண்ணைத் தன் நோட்டில் என் பெயருக்கு நேரே எழுதி வைத்திருக்கிறார். இந்த வேலைக்காக அங்கே செல்பவர்கள், தொலைக்காட்சிக்கு என்பதையும் அரங்கமா வெளிப்புறமா என்பதையும் நாற்காலியில் உட்காரும் முன்பே சொல்லிவிட்டு, கைப்பேசியில் வீடியோ எடுத்துப் பார்க்கும்படி கேட்டுக்கொள்வது நல்லது. பிரஷ்களைக் கண்முன்னே கழுவித்தான் எடுக்கிறார், ஸ்பாஞ்ச் புதியது. முகம் கழுவும் தொட்டியில் மட்டும் வெந்நீர் வராது, ஜனவரியிலும் பச்சைத் தண்ணீர்தான். ஆகவே வீட்டிலேயே முகம் கழுவிக்கொண்டு, எண்ணெய் தேய்க்காமல் போங்கள்.