2000 ஜிபிஎச் பில்ஜ் பம்ப்: திரும்பி வரும் அந்த 2 லிட்டர்

"பாய்மரப் படகுக்கு 2000 ஜிபிஎச் சப்மெர்சிபிள் ஒன்று போதுமா?" என்று நண்பர் கேட்டார். பில்ஜ், அதாவது படகின் அடிக்குழியில் சேரும் தண்ணீரை வெளியேற்ற, அதற்குள்ளேயே மூழ்கி ஓடும் பம்ப் இது; ஜிபிஎச் என்றால் மணிக்கு இத்தனை கேலன். என் படகில் நாலு வருடமாக ஓடுவதால் விரிவாகவே சொல்கிறேன்.

மோட்டாரில் குறையே இல்லை. பக்கத்துக் கொக்கியை அமுக்கினால் கழன்று வரும்; தண்ணீரைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லரைத் துடைத்து மாட்ட இரண்டு நிமிடம். ஆனால் பெட்டியில் போட்டிருக்கும் 2000 கேலன், அதாவது மணிக்குச் சுமார் 7500 லிட்டர், ஹோஸும் ஏற்றமும் இல்லாமல் அளந்த கணக்கு. ஒன்றரை மீட்டர் ஏறி, வளைவுகளைத் தாண்டி வெளியே போவது பாதி இருந்தாலே நல்லது. நீர்மட்டத்துக்கு 60 செ.மீ. கீழே 25 மி.மீ. ஓட்டை விழுந்தால் நிமிடத்துக்கு 60 லிட்டர் உள்ளே வரும். அந்தப் பாதிக்கும் (அதுவும் நிமிடத்துக்கு 60 சொச்சம் லிட்டர்தான்) இதற்கும் சரியாய்ப் போகும், அவ்வளவுதான்.

எரிச்சல் வேறு இடத்தில். பம்பிலிருந்து மேல் வளைவு வரை 28 மி.மீ. ஹோஸ் 3 மீட்டர். பம்ப் நின்றதும் அதிலுள்ள கிட்டத்தட்ட 2 லிட்டரும் கீழே இறங்கிவிடும். பில்ஜ் குழி 20-க்கு 20 செ.மீ. என்றால் மட்டம் 5 செ.மீ. வரை ஏறும். தண்ணீரோடு மிதந்து எழும்பி பம்பை ஓட்டும் ஃப்ளோட் சுவிட்சுக்கு அது போதும். மறுபடி ஓடும், நிற்கும், ஓடும். வெளியே ஒரு சொட்டுக்கூடப் போகாமல் பேட்டரி காலி.

இதற்குச் செக் வால்வு, அதாவது தண்ணீரை ஒரு பக்கம் மட்டும் விடும் மடல் வால்வு, ஹோஸில் போடச் சொல்வார்கள். தயவுசெய்து போடாதீர்கள். மடலில் ஒரு தலைமுடி சிக்கினாலே மூடாது. ஒழுங்காக மூடினால் ஆபத்து இன்னும் பெரிது: மேலே தண்ணீர் அழுத்தி நிற்கும், இம்பெல்லரைச் சுற்றிக் காற்று அடைபடும். காற்றைத் தள்ளி வால்வைத் திறக்க இந்த வகைப் பம்புக்குத் தெம்பு கிடையாது. மோட்டார் ஓடும் சத்தம் கேட்கும், தண்ணீர் ஏறிக்கொண்டே இருக்கும்.

சரியான வழி இரண்டு பம்ப். குழியின் அடியில் ஸ்ட்ரெய்னரோடு (குப்பை வடிகட்டி) 19 மி.மீ. ஹோஸ், அதன் வழியே தண்ணீரை இழுக்க உலர்ந்த இடத்தில் ஒரு சின்ன டயாஃப்ரம் பம்ப் (சவ்வு அசைந்து இழுக்கும் வகை). அதன் உள்வால்வுகளே தண்ணீரைத் திரும்ப விடாது. பெரிய பம்ப் அதற்கு 10 செ.மீ. மேலே, தனி சுவிட்ச், தனி ஃபியூஸ், கூடவே அலாரம். இரண்டுக்கும் ஹோஸ் உள்பக்கம் வழுவழுப்பாக இருக்கட்டும். நெளி ஹோஸ் ஓட்டத்தைத் தின்றுவிடும். படகு சாய்ந்து ஓடும்போது வெளிவாய் நீருக்குள் போகும், அதன் வழியே வெளித்தண்ணீர் உள்ளே இழுக்கப்படலாம், ஆகவே ஹோஸை டெக்கின் அடிவரை ஏற்றி, உச்சியில் காற்றை உள்ளே விட்டு அந்த இழுப்பை முறிக்கும் காற்று வால்வு வையுங்கள். ஃபியூஸ் பம்ப் கம்பெனி சொன்ன ஆம்பியர்தான், ஒரு படி கூட்டினாலும் இம்பெல்லர் சிக்கும்போது மோட்டார்தான் உருகும். வயர் இணைப்புகளைப் பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க் (சூடாக்கினால் சுருங்கி மூடும் உறை) போட்டு, தண்ணீர் எட்டாத உயரத்தில் கட்டுங்கள்.

இத்தனை நல்ல மோட்டார், இருந்தாலும் ஒரே பம்பாக இதை வாங்காதீர்கள். முதல் காசு டயாஃப்ரமுக்கு, அடுத்தது காக்பிட்டிலிருந்து (படகை ஓட்ட உட்காரும் இடம்) கைக்கு எட்டும் ஒரு கைப்பம்புக்கு. இது மூன்றாவது.