ஃபியூவல் காக்கி: லேடாங் மலைக்குக் கிளம்புமுன் பார்க்க வேண்டிய பக்கமும் போட வேண்டிய கணக்கும்

பெட்ரோல் விலை ஏறும்போது சிங்கப்பூரில் கார் வைத்திருப்பவர்கள் தேடிப் போகும் இணையப்பக்கம் ஃபியூவல் காக்கி. சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கம் 2020-ல் தொடங்கிய இலவசச் சேவை இது. காக்கி என்றதும் தமிழர்களுக்குச் சீருடைதான் நினைவுக்கு வரும். மலாயில் அந்தச் சொல்லுக்குக் கால் என்று பொருள், சிங்கப்பூர்ப் பேச்சில் கூட்டாளி. பூங்கா, காடு, மலை என்று வார இறுதியில் குடும்பத்தோடு கிளம்புகிறவர்களுக்கு இந்தக் கூட்டாளி எவ்வளவு தூரம் துணைக்கு வருவான் என்று பார்ப்போம்.

முதலில் அதன் நல்ல குணம். எண்ணெய் நிலையத்தின் பலகையில் தெரியும் விலை ஒன்று, கழிவு, அதாவது தள்ளுபடி போக நீங்கள் கட்டும் விலை வேறொன்று. இரண்டையும் நிறுவனம் வாரியாக அருகருகே வைத்துக் காட்டுவதுதான் இந்தப் பக்கத்தின் வேலை, அதைச் சரியாகவே செய்கிறது. பலகை விலையில் எஸ்ஸோ, ஷெல், கால்டெக்ஸ், எஸ்பிசி, சினோபெக் ஆகியவற்றுக்கு இடையே சில காசுதான் வேறுபடும். வங்கி அட்டையையும் உறுப்பினர் அட்டையையும் கணக்கில் சேர்த்ததும் வரிசை தலைகீழாக மாறிவிடும். அதனால் பலகையைப் பார்த்து நிலையத்தைத் தேர்ந்தெடுக்கும் பழக்கத்தை விட்டுவிடலாம்.

கழிவைப் படிக்கும்போது மூன்று இடங்களில் கணக்குத் தப்பும். ஒன்று, இரண்டு கழிவுகள் சேரும் விதம். 10 விழுக்காடும் 5 விழுக்காடும் சேர்ந்தால் 15 என்று நினைப்போம். இரண்டாவது கழிவு, குறைந்த விலையின்மேல் விழுந்தால் கிடைப்பது 14.5 தான். இரண்டு, அதே இடத்தில் குறைவது வேறு, மாதக் கணக்கில் பிறகு திரும்பி வருவது வேறு. பின்னதற்குப் பெரும்பாலும் மாதம் இவ்வளவு செலவு செய்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இருக்கும். அந்த மாதம் அதை எட்டாவிட்டால், திரையில் பார்த்த விலை உங்களுக்குக் கிடைக்காது. மூன்று, எண்ணெயின் வகை, அதாவது 92, 95, 98 என்ற ஆக்டேன் எண். எரிபொருள் மூடியின் உட்பக்கத்தில் 95 என்று எழுதியிருந்தால் 95 போதும். 98-க்குப் பெட்ரோல் தீர்வையே கூடுதல். 2021 பிப்ரவரியில் தீர்வை உயர்ந்தபின் 98-க்கு லிட்டருக்கு 79 காசு, 92-க்கும் 95-க்கும் 66 காசு. அதன்மேல் 9 விழுக்காடு பொருள் சேவை வரி. தீர்வை லிட்டருக்கு இவ்வளவு என்று நிலையாக இருப்பதால், கச்சா எண்ணெய் விலை பாதியாகக் குறைந்தாலும் நிலையத்து விலை பாதியாகாது.

இனி பயணம். கீழே வரும் கணக்குகளுக்கு லிட்டர் 3 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), கழிவு 15 விழுக்காடு, கார் 100 கி.மீ.க்கு 7 லிட்டர் குடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உங்கள் காரின் உண்மையான அளவைத் தெரிந்துகொள்ள ஒரே வழி, ஒரு தடவை முழுத்தொட்டி அடித்து, ஓடிய தூரத்தைக் குறித்து, அடுத்த தடவையும் அதே பம்பில் முதல் ‘கிளிக்’ சத்தத்தோடு நிறுத்துவது. அந்த இரண்டாவது தடவை ஊற்றிய லிட்டரைக் கிலோமீட்டரால் வகுத்து நூறால் பெருக்கினால் விடை. முதல் கிளிக்குக்குப் பிறகும் அழுத்தி அழுத்தி ஊற்றினால் கணக்குக் கெடும், ஆவியைப் பிடிக்கும் கரிக்குப்பியில் பெட்ரோல் இறங்கி அதுவும் கெடும்.

சிங்கப்பூருக்குள் தெம்பனிஸிலிருந்து சுங்கே பூலோ ஈரநிலத்துக்குப் போய்வர ஏறத்தாழ 70 கி.மீ. செலவாவது 5 லிட்டர், கழிவுக்கு முன் 15 வெள்ளி. இதில் 10 விழுக்காடு கூடுதல் கழிவு கிடைத்தாலும் மிச்சம் ஒன்றரை வெள்ளிதான். தீவுக்குள் சுற்ற, மலிவான நிலையத்தைத் தேடி ஓடுவதில் பயனில்லை. 5 கி.மீ. விலகிப் போய்த் திரும்பினால் 10 கி.மீ., அதாவது 0.7 லிட்டர், 2 வெள்ளி 10 காசு. 35 லிட்டர் ஊற்றுகிறீர்கள் என்றால், லிட்டருக்கு 6 காசு குறைந்தால்தான் அந்த ஓட்டச் செலவே ஈடாகும். போகிற வழியில் இருக்கும் நிலையங்களை மட்டும் ஒப்பிடுங்கள்.

எல்லை தாண்டி மலேசியாவின் ஜொகூர்ப் பக்கம் போகும்போது கணக்கே வேறு. இங்கேதான் ஃபியூவல் காக்கி பாதி வழியில் நம்மை விட்டுவிடுகிறது.

தங்காக் ஊருக்கு அருகிலுள்ள குனோங் லேடாங், அதாவது லேடாங் மலை, 1,276 மீட்டர் உயரம், ஜொகூர் தேசியப் பூங்காக்களில் ஒன்று. சிங்கப்பூரிலிருந்து போய்வர ஏறத்தாழ 400 கி.மீ. பெட்ரோல் 28 லிட்டர். இரு நாட்டையும் இணைக்கும் கடற்பாலத்து நெரிசலில் ஏர்கான் போட்டபடி நிற்பதற்கு மணிக்குச் சுமார் 1 லிட்டர், ஆக 30 என்று வையுங்கள். 50 லிட்டர் தொட்டியுள்ள பெட்ரோல் கார் சிங்கப்பூரை விட்டு வெளியேறும்போது முக்கால் தொட்டி, 37.5 லிட்டர், இருந்தாக வேண்டும். 1991 முதல் உள்ள விதி இது. குறைந்தால் திருப்பி அனுப்புவார்கள், 500 வெள்ளி வரை அபராதமும் உண்டு. ஆக, லேடாங் பயணம் முழுவதும் சிங்கப்பூரில் வாங்கிய பெட்ரோலிலேயே ஓடி முடிந்துவிடும். மலேசியாவில் நிரப்புவது திரும்பும் வழியில், அடுத்த வார ஓட்டத்துக்கு.

இதைப் புரிந்துகொண்டால் செய்ய வேண்டியது தெளிவு: கிளம்பும்போது முழுத்தொட்டி ஊற்றாதீர்கள். தொட்டியில் மொத்தம் 40 லிட்டர் இருந்தால் போதும். விதிக்கு மேலே இரண்டரை லிட்டர் இருக்கிறது, சோதனைச்சாவடி வரிசையில் அது தாங்கும். எரிபொருள் முள்ளைச் சரியாக முக்காலில் நிறுத்துவது ஆபத்து, சரிவில் நிற்கும்போது முள் இறங்கிக் காட்டும். தொட்டியில் கால்பங்கு இருக்கிறது, 12.5 லிட்டர் என்றால், வேண்டியது 27.5 லிட்டர். ஊழியரிடம் தொகை சொல்லும்போது கழிவு விலையில் பெருக்காதீர்கள். பம்பின் மீட்டர் பலகை விலையில்தான் ஓடும், கழிவு காசாளரிடம்தான். 27.5 லிட்டருக்கு 82 வெள்ளி 50 காசு என்று சொல்ல வேண்டும், நீங்கள் கட்டுவது 70 வெள்ளி 13 காசு. கழிவு விலையில் கணக்கிட்டு 70 வெள்ளிக்கு அடிக்கச் சொன்னால் 23 லிட்டர்தான் விழும், முள் முக்காலுக்குக் கீழே நிற்கும்.

திரும்பும் வழியில் ஜொகூர் பாருவில் ஊற்ற வேண்டியது ரோன் 97 (ரோன் என்பதும் ஆக்டேன் எண்தான்). மலிவான ரோன் 95 வெளிநாட்டுப் பதிவுள்ள கார்களுக்கு 2010 முதல் தடை, மஞ்சள் நிறக் குழாயைத் தொடாதீர்கள். ரோன் 97 லிட்டர் 3.30 ரிங்கிட், ஒரு வெள்ளிக்கு 3.20 ரிங்கிட் என்று கொண்டால், அட்டையின் வெளிநாட்டு நாணயக் கட்டணம் சுமார் 3 விழுக்காட்டையும் சேர்த்து 1 வெள்ளி 6 காசு. சிங்கப்பூரில் கழிவு போக 2 வெள்ளி 55 காசு. வித்தியாசம் 1 வெள்ளி 49 காசு. கிளம்பும்போது அவசியமில்லாமல் ஊற்றிய 10 லிட்டர் ஏறத்தாழ 15 வெள்ளி நட்டம். மிக நல்ல அட்டைக்கும் சுமாரான அட்டைக்கும் இடையே 5 விழுக்காடு வேறுபட்டாலும் 27.5 லிட்டரில் 4 வெள்ளிதான். எந்த நிலையம் என்பதைவிட எத்தனை லிட்டர் என்பதே பணத்தைத் தீர்மானிக்கிறது. ஃபியூவல் காக்கியில் நான் காணும் பெரிய குறை இதுதான்: அது லிட்டரின் விலையைச் சொல்கிறது, பயணத்தின் விலையைச் சொல்வதில்லை.

ஜொகூர் நிலையத்தில் பம்பிலேயே அட்டையைச் செருகினால் பெரும்பாலும் 200 ரிங்கிட்டைப் பிடித்து வைப்பார்கள், மீதி திரும்பச் சில நாள் ஆகலாம். உள்ளே காசாளரிடம் தொகையைச் சொல்லிக் கட்டுவது நல்லது.

பெட்ரோல் அல்லாத செலவும் உண்டு. மலேசியாவுக்குள் ஒவ்வொரு நுழைவுக்கும் சாலைக் கட்டணம் 20 ரிங்கிட். வாகன நுழைவு அனுமதி வில்லைக்கு 10 ரிங்கிட், ஐந்தாண்டு செல்லும். அது இல்லாத காருக்கு 2025 ஜூலை 1 முதல் 300 ரிங்கிட் தண்டம். டச் அண்ட் கோ அட்டையில் நெடுஞ்சாலைச் சுங்கத்துக்கும் சேர்த்துப் பணம் இருக்க வேண்டும். கூரைப் பெட்டி காலியாக இருந்தால் வீட்டிலேயே கழற்றிவிடுங்கள், மணிக்கு 110 கி.மீ. வேகத்தில் அது காற்றை இழுத்துப் பெட்ரோலைத் தின்னும். டயர் காற்றை வண்டி குளிர்ந்திருக்கும்போது, ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் ஒட்டியுள்ள தாளில் காட்டிய அளவுக்குப் பாருங்கள். ஆள் நிறைந்த, சுமை ஏற்றிய காருக்கு அந்தத் தாளிலேயே தனி அளவு போட்டிருக்கும்.

பயனீட்டாளர் சங்கத்தார் அந்தப் பக்கத்தில் இரண்டே கட்டங்கள் சேர்த்தால் போதும்: தொட்டியின் கொள்ளளவு, இப்போது மீதமுள்ள அளவு. முக்கால் தொட்டிக்கு எத்தனை லிட்டர், மீட்டரில் எவ்வளவு, கையிலிருந்து எவ்வளவு என்று அதுவே சொல்லிவிடும். அதுவரை புதன்கிழமை மாலை மலேசியா அறிவிக்கும் ரோன் 97 விலையையும் ஃபியூவல் காக்கியின் கழிவு விலையையும் நீங்களே பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.