ஒன்பது வருட நாய், ஐந்து வருடப் பூனை, நடுவில் உண்ணி

பிளாக்கியை மூன்றாவது முறையாக ரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தபோதுதான் கூட வேலை பார்க்கும் பெண்ணிடமிருந்து போன். "அக்கா, பாப்பா ஆறாவது போயிட்டா, பிறந்தநாளுக்கு நாய்க்குட்டிதான் வேணும்னு ஒரே அடம். அவங்க அப்பா பூனைன்னா சரிங்கிறார். உங்க வீட்லதான் ரெண்டும் இருக்கே, எதுக்கா தேவலை?" கேட்ட நேரம் சரியில்லை. அப்போது வாயில் வந்ததைச் சொல்லியிருந்தால் அவள் மீன் தொட்டிகூட வாங்கியிருக்க மாட்டாள். நாளைக்குச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். எழுதியே கொடுத்துவிடலாம் என்று இப்போது உட்கார்ந்திருக்கிறேன், கோபம் முழுசாக இறங்கவில்லை, அதையும் சேர்த்தே படித்துக்கொள்ளட்டும்.

பிளாக்கி நாட்டு நாய். ஒன்பது வருடம் முன்னால் தெருமுனையில் நின்ற லோடு ஆட்டோவுக்கு அடியிலிருந்து என் பையன் தூக்கி வந்தது. துரை என்கிற பூனை யாரும் தூக்கி வராமல் தானாகவே ஒரு மழை நாளில் வந்து வாஷிங் மெஷின் மேல் ஏறிப் படுத்தது, ஐந்து வருடமாகிறது, இன்னும் இறங்கவில்லை என்றே சொல்லலாம். நாய் நன்றியுள்ளது, பூனைக்கு வீடுதான் முக்கியம், ஆட்கள் இல்லை என்ற பாடமெல்லாம் எல்லோருக்கும் தெரியும். நான் பேச வேண்டியது உண்ணியைப் பற்றி.

நாய் வளர்க்கப் போகிறேன் என்று சொல்லிப் பாருங்கள், தடுப்பூசி, சாப்பாடு, காலையும் மாலையும் நடை, தீபாவளிக்குக் கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொள்ளும் என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். இதை மட்டும் சொல்லமாட்டார்கள். உண்ணி நாயின் மேல் இருப்பது கொஞ்சம்தான், மிச்சமெல்லாம் நம் வீட்டில்தான் இருக்கிறது. குஞ்சாக நாய் மேல் ஏறி ரத்தம் குடிக்கும், கீழே விழுந்து தோலுரிக்கும், மறுபடி ஏறும், மறுபடி விழும். கடைசியில் வயிறு முட்டக் குடித்த பெண் உண்ணி ஆமணக்குக் கொட்டை மாதிரி உப்பி, சாம்பல் நிறத்தில், நிதானமாகச் சுவரில் ஏற ஆரம்பிக்கும். மேலே எங்காவது ஒரு இடுக்கு கிடைத்தால் அங்கே ஆயிரக்கணக்கில் முட்டை. வளர்ந்த உண்ணிக்கு நாய் கிடைக்காவிட்டாலும் கவலையில்லை, சாப்பிடாமல் மாதக்கணக்கில் காத்திருக்கும். நாயைக் குளிப்பாட்டிவிட்டு நாம் நிம்மதியாக இருக்கும்போது அது சுவரில் இருந்து பார்த்துக்கொண்டிருக்கும்.

எங்கள் வீட்டில் அதற்குப் பிடித்த இடம் கூடத்தில் தொங்கும் தினசரிக் காலண்டரின் பின்பக்கம். ஒரு ஆடி மாதம் தேதி கிழிக்கப் போன அத்தை போட்ட சத்தத்தில் எதிர்வீட்டுக்காரர்களே வந்துவிட்டார்கள். அட்டை கொஞ்சம் விலகியிருந்தது, பின்னால் சுவரில் கசகசாவை அப்பினது மாதிரி ஒரு திட்டு, பார்க்கப் பார்க்க அந்தத் திட்டு நகர்ந்தது. என் மாமியார் அன்றிலிருந்து குருமாவில் கசகசா போடுவதில்லை. முந்திரிதான்.

வேப்பிலைத் தண்ணீர், மஞ்சள், சீப்பு, எல்லாம் பார்த்தாயிற்று. தினமும் ராத்திரி சாப்பாடு முடிந்ததும் பிளாக்கியை மடியில் போட்டு காதுக்குள், விரலிடுக்கில், கழுத்துப்பட்டைக்கு அடியில் என்று தேடித் தேடி இடுக்கியால் எடுப்பது, எடுத்ததை நசுக்காமல் சோப்புத் தண்ணீர் ஊற்றிய பழைய காபி டம்ளரில் போடுவது. சீரியல் ஓடும், நான் எடுப்பேன், அத்தை எண்ணுவார். இருபத்திரண்டு, இருபத்திமூன்று. அந்த டம்ளருக்கு வீட்டில் தனி இடம் இருக்கிறது, தெரியாத விருந்தாளி யாரும் எடுத்துவிடக் கூடாதே என்று.

சரி, மருந்து அடிக்கலாம் என்றால் அங்கேதான் துரை குறுக்கே வந்தான். நாய்களுக்கான சில உண்ணி மருந்துகளில் பெர்மெத்ரின் என்கிற பூச்சிக்கொல்லி இருக்கும், நாய்க்குப் பெரிதாக ஒன்றும் செய்யாது, பூனைக்கு விஷம். பூனையின் உடம்பால் அதை உடைத்து வெளியேற்ற முடியாது, நடுக்கம் வந்து வலிப்பாகி உயிரே போய்விடும். மருந்து வாங்கப் போன கடையில் "ரெண்டுக்கும் போடலாம்மா" என்று சிரித்துக்கொண்டே எடுத்துக் கொடுத்தார் ஒருவர். டப்பாவின் பின்னால் எறும்பு சைஸ் எழுத்தில் பூனைப்படத்தின் மேல் பெருக்கல் குறி போட்டிருந்ததை என் பையன் பார்த்தான், நான் பார்க்கவில்லை. இரண்டையும் சேர்த்து வளர்க்கிறவர்கள் இந்த ஒரு பத்தியை மட்டுமாவது ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அதோடு இன்னொன்று, பூனைக்கு உடம்பு சுடுகிறது என்று யாரும் பாராசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள், அரை மாத்திரைகூடக் கொன்றுவிடும்.

கடைசியில் தீர்வு என்று கிடைத்தது மூன்று மாதத்துக்கு ஒருமுறை கொடுக்கும் மெல்லும் மாத்திரை. விலையைக் கேட்டு முதலில் என் வீட்டுக்காரர் "எனக்கு பிரஷர் மாத்திரையே இவ்வளவு இல்லையே" என்றார். ஆனால் வேலை செய்தது. நாயைக் கடிக்கும் உண்ணி செத்து விழுந்தது, காலண்டர் சுத்தமானது, டம்ளர் பரணுக்குப் போனது, இரண்டு வருடம் வீட்டில் அமைதி. இந்த மார்ச்சில் பையனுக்குப் பொதுத்தேர்வு. மாத்திரை தேதி வந்து போனதே யாருக்கும் தெரியவில்லை. ஐந்து வாரம் தாண்டிவிட்டது. தப்பு எங்கள்மேல்தான், அதனால்தான் இவ்வளவு எரிச்சல்.

என் ஸ்கூட்டர் தெருமுனை திரும்பும்போதே பிளாக்கி கேட்டுக்கு வந்து நிற்பான். எதிர்வீட்டிலும் அதே கம்பெனி, அதே மாடல் ஸ்கூட்டர்தான், அதற்குத் தலையைக்கூடத் தூக்கமாட்டான். எப்படிக் கண்டுபிடிக்கிறான் என்று நானும் ஒன்பது வருடமாகப் பார்க்கிறேன், பிடிபடவில்லை. ஒருமுறை வேண்டுமென்றே அவர்கள் வண்டியை வாங்கி ஓட்டிக்கொண்டு வந்தேன், அன்றைக்கும் நின்றான். அலுவலகத்தில் யாரிடம் என்ன வாங்கிக் கட்டிக்கொண்டு வந்தாலும் அந்தக் கேட்டில் அந்த வால் ஆடுவதைப் பார்த்தால் பாதி போய்விடும். ஏப்ரல் இரண்டாவது வாரம் ஒருநாள் நான் வந்து இறங்கி, கேட்டைத் திறந்து, வண்டியை உள்ளே விட்டு, ஸ்டாண்டும் போட்டாயிற்று, அவன் வரவில்லை. சாக்கில் படுத்திருந்தான். கண்ணை மட்டும் திருப்பினான். மூக்குக்குக் கீழே தரையில் ஒரு ரூபாய் அளவுக்கு ரத்தம்.

உண்ணிக் காய்ச்சல். எர்லிச்சியா என்கிற கிருமி, உண்ணி கடித்து வருவது. காய்ச்சல் 104, தட்டணுக்கள், அதாவது பிளேட்லெட், 38 ஆயிரம், குறைந்தது இரண்டு லட்சத்துக்கு பக்கத்தில் இருக்க வேண்டுமாம். தெருவில் போன வருடம் நாலு வீட்டில் டெங்கு பார்த்தவர்கள், அதனால் பிளேட்லெட் என்றதும் ஆளாளுக்கு பப்பாளி இலைச் சாறு கொண்டு வந்து நிற்கிறார்கள். டாக்டர் கொடுத்தது டாக்சிசைக்ளின், 28 நாள், ஒருநாள் விடக் கூடாது, வெறும் வயிற்றில் கொடுக்கக் கூடாது. இட்லிக்குள் வைத்துக் கொடுத்தால் இட்லி உள்ளே போய் மாத்திரை மட்டும் சுத்தமாக வெளியே வரும். ஈரலுக்குள் வைத்தால்தான் போகும். காலை ஏழு மணிக்கு ஈரல் வேகும் வாசனையில் எனக்குக் காபி இறங்காது. நேற்றைக்குத் தட்டணுக்கள் 1 லட்சத்து 60 ஆயிரம் வந்திருக்கிறது. செலவைக் கூட்டிப் பார்க்க வேண்டாம் என்று வீட்டுக்காரரிடம் சொல்லியிருக்கிறேன், அவர் கூட்டிப் பார்த்துவிட்டார், முகத்திலேயே தெரிகிறது.

இப்போது துரை. நியாயமாகச் சொன்னால் இவன்மேல் குறை சொல்ல எனக்கு அதிகமில்லை. உண்ணி ஏறினாலும் நாள் முழுக்க நக்கி நக்கியே எடுத்துவிடுகிறான். மண் தட்டை முதல்நாள் காட்டினேன், அவ்வளவுதான், பிறகு சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. கும்பகோணத்தில் கல்யாணம் என்றால் பக்கத்து வீட்டில் சாவியைக் கொடுத்து தட்டில் தீனி போடச் சொல்லிவிட்டு இரண்டு நாள் போய்வரலாம், பிளாக்கியை வைத்துக்கொண்டு அது நடக்காது, யாராவது ஒருவர் தங்க வேண்டும், அந்த யாராவது எப்போதும் நான்தான். விடிகாலை நாலரைக்கு முகத்தில் பாதத்தை வைத்து எழுப்புவான். இருட்டு பிரிகிற நேரமும் இருட்டுகிற நேரமும்தான் பூனைக்கு வேட்டை நேரம், இவனுடைய வேட்டை என் போர்வை. பிளாக்கி தயிர்சாதத்தில் ஒரு முட்டை விழுந்தால் சமாளித்துக்கொள்வான், பூனைக்கு அந்த வேலை ஆகாது, மாமிசத்தில் இருக்கும் டாரின் என்கிற சத்து கிடைக்காவிட்டால் கண்ணும் இதயமும் கெடும். அதனால் வெள்ளி செவ்வாயிலும் அவனுக்கு மட்டும் தனிப் பாத்திரம், கொல்லைப்புறத்தில். ஒருமுறை நன்றாகக் கீறிவிட்டான், நாய் கடித்தால்தான் ஊசி என்று நினைத்திருந்தேன், இல்லையாம், 0, 3, 7, 28-ஆம் நாள் என்று நாலு முறை அரசு மருத்துவமனை வரிசையில் நின்றேன். ஊசி இலவசம், லீவுதான் போனது.

ஆனால் பிளாக்கி எழுந்திருக்க முடியாமல் கிடந்த அந்த முதல் வாரத்தில் துரை செய்தது என்ன தெரியுமா? டாக்டரிடம் போய்த் திரும்பி வந்து பார்த்தால் பிளாக்கியின் சாக்கில் நட்டநடுவில் சுருண்டு தூங்கிக்கொண்டிருக்கிறான். தூக்கி வெளியே விட்டேன். மறுபடி வந்தான். பிளாக்கி பேசாமல் வெறுந்தரையில் படுத்துக்கொண்டது. எனக்கு வந்த கோபத்தில் அன்றைக்கு துரைக்கு மீனே வைக்கவில்லை, வெறும் பிஸ்கட் தீனிதான்.

ஆக, தங்கச்சி, பூனையே எடு. கேட்டில் நிற்பவனைப் பற்றி இவ்வளவு எழுதிவிட்டு இப்படிச் சொல்கிறேனே என்று பார்க்காதே. நாய் பன்னிரண்டு வருடம் இருக்கும், உன் பாப்பாவுக்குப் பதினொன்று, காலேஜ் ஹாஸ்டலுக்குப் போனபின் அது உன்னோடுதான் இருக்கும், இடுக்கியோடு உட்காரப் போவது நீ. பூனையும் அத்தனை வருடம் இருக்கும்தான், ஆனால் அதற்கு நீ இருந்தாலும் ஒன்று, இல்லாவிட்டாலும் ஒன்று. காசு கொடுத்து எதையும் வாங்காதே, தெருவில் குட்டி போட்டு நிறைய கிடக்கிறது. போன வருடம் கேட்டிருந்தால் நாய் என்று சொல்லியிருப்பேன். அடுத்த மாதம் கேட்டாலும் அநேகமாக நாய்தான். நீ கேட்டது இந்த வாரம்.

பிளாக்கி இப்போது கேட் வரைக்கும் நடந்துபோய் உட்கார்ந்துகொள்கிறான், நிற்கத் தெம்பில்லை. எழுதிக்கொண்டிருக்கும்போதே காலண்டர் பக்கம் சாம்பல் நிறத்தில் ஏதோ ஏறுகிற மாதிரி இருக்கிறது, டம்ளரைப் பரணிலிருந்து இறக்கியாயிற்று, போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.