பன்னிரண்டு இலக்கக் கால்குலேட்டரும் 293318625600 என்ற எண்ணும்

கும்பகோணம் பெரிய கடைத்தெருவில் 380 ரூபாய்க்கு வாங்கிய பன்னிரண்டு இலக்க மேசைக் கால்குலேட்டரை நான்கு மாதங்களாக டியூஷனில் பயன்படுத்தி வருகிறேன். எட்டு இலக்கக் கருவி இதில் பாதி விலைக்கே கிடைத்தது; ஆனாலும் 293318625600 என்ற எண்ணைப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும் என்பதற்காகவே இதை எடுத்தேன்.

தன்னைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இல்லாத அளவு வகுத்திகளைக் கொண்ட எண்ணை மிகுபகு எண் என்பார்கள். எங்கள் ஊர்ச் சாரங்கபாணி சன்னதித் தெருவில் வளர்ந்த இராமானுஜன், 1915-இல் இலண்டனில் வெளியான தம் கட்டுரையில் இத்தகைய எண்களை 6746328388800 வரை அட்டவணையிட்டார். 5040 வகுத்திகள் உள்ள 293318625600 அதில் விடுபட்டுப் போயிற்று. கையால் கணக்கிட்ட அத்தனை நீண்ட பட்டியலில் ஒன்றுதான் தவறியது என்பதே எனக்கு வியப்பு.

திரையின் பன்னிரண்டு இடங்களையும் நிரப்பி நின்ற இந்த எண்ணை 19, 17, 13, 11 ஆகியவற்றால் வரிசையாக வகுத்தபோது, ஒரு முறைகூடப் புள்ளி விழாமல் 6350400 வந்தது. பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி வர்க்கமூலப் பொத்தானை அழுத்தினாள்; 2520 என்று வந்தது. ஒன்று முதல் பத்து வரை எல்லா எண்களாலும் மீதியின்றி வகுபடும் மிகச் சிறிய எண் அது என்பதை அவளே சொன்னாள். 293318625600-ஐப் பகாக் காரணிகளாகப் பிரித்து, ஒவ்வொரு காரணியின் அடுக்கோடும் ஒன்றைக் கூட்டி, 7×5×3×3×2×2×2×2 என்று பெருக்கி, வகுத்திகள் 5040 என்பதையும் சரிபார்த்தோம். பிறகு மூல எண்ணை 23-ஆல் பெருக்கச் சொன்னேன். திரை கொள்ளாமல் பிழைக்குறி தோன்றினாலும், 6.74632838880 என்ற இலக்கங்கள் அதன் பக்கத்திலேயே நின்றன: இராமானுஜன் அட்டவணையின் கடைசி எண், அதில் விடுபட்ட எண்ணின் 23 மடங்கு!

குறைகளும் உண்டு. இரட்டைப் பூஜ்ஜியப் பொத்தான் சில நேரம் இருமுறை பதிகிறது. பன்னிரண்டு இலக்கம் அடிக்கும்போது இது பெரும் தொல்லை. மூன்று மூன்று இலக்கமாகக் காற்புள்ளி இடுவதால், 29,331 கோடியே 86 லட்சத்து 25,600 என்று படிக்கப் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள். சூரிய மின்தகடு இருந்தாலும் மழைக்கால மாலைகளில் பேட்டரியைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது.

கணக்கு சொல்லித் தருபவர்கள் தயங்காமல் வாங்கலாம். பூஜ்ஜியப் பொத்தான்களை மட்டும் கடையிலேயே பலமுறை அழுத்திப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.